வவுச்சர் இருந்தால் ஆறு சொந்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கோடைச் சுற்றுலாச் சிறப்பிதழில் வேல்ஸிலும் இங்கிலாந்திலும் ஓடும் வை நதியின் கரை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ‘வவுச்சர் புத்தகம் ஒன்று வாங்கினால் போதும், விரும்பிய ஓடையில் இறங்கித் தூண்டில் போடலாம், இரவுக்கு மீன் குழம்பு தயார்’ என்று எழுதிய அன்பர் தூண்டிலைக் கடைக் கண்ணாடிக்குள் மட்டுமே பார்த்திருக்கிறார் போலும். தாங்களும் வாசித்துத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்?

கரைக்குச் சொந்தக்காரரின் ஓடையில் ஒரு நாள் தூண்டில் போடும் அனுமதிக்கான கட்டணச் சீட்டுதான் வவுச்சர். 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதோடு அரசாங்க உரிமமும் எடுக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண் வரை தண்டம் என்பது தாங்கள் அறியாததல்ல. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றில் கிரேலிங், பார்பெல் போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடவே கூடாது. அந்தக் குழம்பு விஷயம்: வேல்ஸில் 2020 முதல் பிடிபடும் ஒவ்வொரு சால்மன் மீனையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். வவுச்சர் ஓடைகளில் ட்ரவுட் மீனுக்கும் பெரும்பாலும் அதே விதிதான். கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு என் மைத்துனர் 14 வயது மகனுடன் புறப்பட நிற்கிறார். சிறுவர் உரிமம் இலவசம் என்றாலும் அதையும் எடுத்தாக வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. பண்ணைக் கேட்டருகே முட்செடிக்குள் ஆணியடித்திருக்கும் மரப்பெட்டி அது. வவுச்சரை நிரப்பி, கிழித்து, அதனுள் போட வேண்டும். மழையில் மை கரைந்து, ஓரத்தை நத்தை தின்ற வவுச்சர்கள் உள்ளே ஒட்டிக் கிடக்கக் கண்டிருக்கிறேன். ஓர் ஓடைக்கு இரண்டு வவுச்சர், அடுத்ததற்கு நான்கு என்று கேட்பார்கள். புத்தகத்தில் மிஞ்சுவதோ எப்போதும் ஒன்று. அதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அடுத்த பருவத்தில் பயன்படுத்தலாம் என்றார்கள். அடுத்த பருவத்தில் விலையைக் கூட்டிவிட்டு வித்தியாசத்தைக் கட்டச் சொன்னார்கள்.

கிழித்த வவுச்சரின் அடிக்கட்டையைக் காட்டு என்று கேட்கும் அதிகாரத்தை நாயுடன் உலாவ வருபவர்களுக்கெல்லாம் யார் கொடுத்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை. என்னிடம் கேட்பார்கள். அடுத்த வளைவில் நிற்கும் வெள்ளைக்காரப் பெரியவரிடம் எவரும் கேட்டதில்லை. தாம் வவுச்சரே வாங்குவதில்லை என்று அவரே என்னிடம் சிரித்தபடி சொன்னார்.

‘பளிங்கு நீர்’ என்ற வர்ணனைக்கு என்ன சொல்ல? அந்த நதிப்படுகையில் சுமார் 2 கோடி கோழிகள் வளர்க்கப்படுகின்றன. உரமாக வயல்களில் இடப்படும் அவற்றின் எச்சத்திலுள்ள பாஸ்பரஸ் கழுவப்பட்டு ஆற்றில் வந்து சேர, பாசி பெருகிக் கோடையில் நீர் பச்சைக் குழம்பாகிறது (அந்தக் குழம்பைத்தான் சொன்னாரோ என்னவோ). 2023-ல் இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே நதியின் நிலையை ‘சீரழிந்து வருகிறது’ என்று தாழ்த்தியது. அதைத் தங்கள் பத்திரிகையில் தேடினேன். அந்த வாரம் நட்சத்திரக் கலைவிழாவுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள்.

வவுச்சர் திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூண்டில் கிளப்புகளின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு நரைத்துப் போனவன் நான். அந்தப் பெட்டிகள் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் பாலத்தில் நின்று எட்டிப்பார்ப்பதோடு சரி. வவுச்சர் பணத்தில் ஒரு பங்கு கரையைச் சீர்செய்யவும் போகிறது. அதனால்தான் அரைகுறையாக எழுதி ஆட்களை அனுப்பும்போது வயிறு எரிகிறது.

அடுத்த இதழில் உரிமம், தடைக்காலம், பிடித்ததை விட்டுவிடுவது ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால் 23ஆம் பக்கப் படத்தின் குறிப்பையும் மாற்றுங்கள். அது சால்மன் அல்ல, ட்ரவுட்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஹெரெஃபோர்ட்