பதினாலா, பதினாறா?

அன்புள்ள சேகர்,

பதில் தாமதம்தான், போனில் திட்டித் தீர்த்துவிட்டாய், விடு. பாலுவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு அப்படியே அவனுடையதாம். பாவம் குழந்தை.

இனி உன் புகார். தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 12,400 கிலோமீட்டர், மணிக்கு 900 வேகம், ஆக 14 மணி நேரம்; டிக்கெட்டில் 16 போட்டு ஏமாற்றுகிறார்கள் என்கிறாய். வகுத்தல் சரி, வாத்தியாரே. ஆனால் அந்த 12,400 உலக உருண்டைமேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் இமயமலை, சைபீரியா, ஆர்க்டிக் கடல் என்று போகிறது. அப்படியே பறக்க முடியாது. கேபினில் காற்றழுத்தம் போனால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். மலையோ அதைவிட இரண்டு மடங்கு உயரம். அதனால் திபெத்தையும் அதை ஒட்டிய மலைகளையும் கூடியவரை சுற்றித்தான் போவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் அது மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. உன் 900 காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரைக்கணக்கில் எதிர்காற்று 100 இருந்தால் 800, பின்காற்று 100 இருந்தால் 1,000. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே பயணத்தை, வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டு, பின்காற்று கிடைக்கும் என்று கிழக்கே பசிபிக் வழியாக நடத்தியது. பழைய வழி 13,900 கிலோமீட்டர், புதியது 15,300. ஆனால் 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், முன்னைவிடச் சுமார் இரண்டு மணி குறைவு! வகுத்துப் பார், மணிக்கு 1,055 வருகிறது. 1,400 கிலோமீட்டர் கூடப் பறந்து நேரத்தை மிச்சம் பிடிப்பதை நம் கணக்கு வாத்தியார் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். திரும்பும்போது அட்லாண்டிக் பக்கம் வந்தால் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியதாகிவிடும். அதையும் செய்தார்கள்.

வழி தினமும் மாறும். அன்றைய காற்று, மூடிய வான்வெளி, அவசரத்துக்கு இறங்க எங்கே விமான நிலையம் இருக்கிறது, எல்லாம் பார்த்துத்தான் போடுவார்கள். 2023 ஜூனில் இந்தத் தடத்து விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது நினைவிருக்கும். டிக்கெட்டில் இருப்பது, கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே கேட்டில் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால் அரை மணி முன்னதாகச் சேர்ந்தால் பைலட்டைப் புகழாதே.

அங்கே அழைத்துப்போக வரும் மகளிடம் நேரத்தைச் சரியாகச் சொல். தில்லியில் காலை 4 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், கோடையில் அங்கே அதே நாள் காலை 7.30, குளிர்காலத்தில் 6.30. வரும்போது ஒரு தேதி காணாமல் போகும். சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று டாக்டரிடம் இப்போதே கேள்; மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

சென்னை–தில்லி டிக்கெட்டைத் தனியாக வாங்கிவிடாதே. இரண்டும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால்தான் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. நடுவில் நாலு மணி நேரம் விடு. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நீ வேறு மாதிரி செய்வாய் என்று தெரியும், அதனால்தான் உன் வீட்டில் கமலாவுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

உன்
ராமு