கதவோரம் உட்கார்ந்திருந்த ஐயாவுக்கு

பார்வையில்லாத எங்கள் பாப்பாவோடு இந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எந்த நேரத்திலும் போனை எடுத்தவர்கள், பெரியவனைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வந்தவர்கள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலகத் தோழிகள், "தூக்கப் போறேன்னு சொல்லிட்டுத் தூக்குங்க" என்று முதல் நாளே கற்றுக்கொடுத்த பாப்பாவின் பயிற்சியாளர், எதுவும் கேட்காமல் வந்து பாத்திரம் கழுவிய நாத்தனார்... யாரையும் மறக்கவில்லை.

ஆனால் இன்று ஒருவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். பரிசோதனை அறைக்கு வெளியே காத்திருந்தோம். நான் பேசினால் அவள் அப்படியே அசையாமல் ஆகிவிடுவாள். முகம் திரும்பாது, சிரிப்பும் வராது. "பிள்ளை ஒட்டவே மாட்டேங்குதே" என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லியாயிற்று. பார்வை இல்லை என்பதைவிட, நான் அவளுக்கு வேண்டாமோ என்ற நினைப்புதான் என்னை அரித்தது.

கதவோரத்து நாற்காலியில் இருந்த பெரியவர், மடித்த வெள்ளைக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, "பாப்பா தூங்குதாம்மா?" என்றார்.

"முழிச்சுத்தான் இருக்கா ஐயா. நான் பேசினா கல்லு மாதிரி ஆயிடுறா."

"உன்னிப்பா கேக்குதும்மா. நானும் அப்படித்தான். முகத்தைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. இப்பப் பேசுங்க."

"தங்கம்" என்றேன். துண்டின் ஓரத்தில் இருந்த ஐந்து விரலும் விரிந்து மூடின. நிறுத்தினேன், நின்றன. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி விரிந்தன. ஏழு மாதமாக என் மகள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அழுதுவிட்டேன். அவர் அதற்கு எதுவும் சொல்லவில்லை. தன் கையை மெதுவாக அவள் கைக்கு அடியில் கொண்டுவந்து அப்படியே வைத்திருந்தார். அவள் விரல்கள் அவர் கையின் மேல் ஊர்ந்து போய்க் கைக்கடிகாரத்தில் நின்றன. முள்ளைத் தொட்டு மணி பார்க்கிற கடிகாரம் அது. மூடியை 'டக்'கென்று திறந்துவிட்டார்.

"பிடிச்சு இழுத்து எதையும் தொட வைக்காதீங்கம்மா. உங்க முகத்தைப் பிடிச்சு ஒருத்தர் திருப்பினா எப்படி இருக்கும்? அவளுக்குக் கைதான் கண்ணு. அடியில வச்சுக் காத்திருங்க, அவளே வருவா."

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு நன்றிகூட சொல்லவில்லை நான்.

பயிற்சியாளர் பின்னால் விளக்கினார். பார்வையுள்ள குழந்தை பொருளைப் பார்த்துக் கை நீட்டும். சத்தம் வருகிற இடத்தில் பிடிக்கக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது என்பதைப் பார்வையில்லாத குழந்தை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் முதல் வயது முடியும் சமயம் ஆகிவிடுமாம். நாம் எல்லாரும் முகத்தையே பார்த்துப் பழகியவர்கள், கை பேசுவது நமக்குத் தெரிவதில்லை. இனி இப்படி ஒரு குழந்தையோடு எந்தத் தாயைப் பார்த்தாலும், முதலில் கையைப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்தும் கற்க ஆரம்பித்திருக்கிறேன். ஆறே புள்ளிகள், 63 வடிவங்கள். 3 வயதில் கண்ணில் காயம்பட்டுப் பார்வை இழந்த லூயி பிரெய்ல், 1824-ல் 15 வயதுப் பையனாக இருந்தபோது உருவாக்கியது. என் விரல் இன்னும் தடுமாறுகிறது. அவள் எழுத்தைத் தொடும் வயது வருவதற்குள் பழகிவிடுவேன்.

ஐயா, என்றைக்காவது உங்கள் போன் இதை உங்களுக்குப் படித்துக் காட்டலாம். அதற்காக இதையும் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை ஒரு சின்ன டப்பாவின் மூடியை 'டக்'கென்று திறந்தேன். தரையில் உட்கார்ந்திருந்தவள் வழக்கம்போல அசைவை நிறுத்திக் கேட்டாள். நான் காத்திருந்தேன். அப்புறம் வலது கையை நீட்டி, சத்தம் வந்த பக்கமே தேடி வந்து, மூடியைப் பிடித்துக்கொண்டாள்.