பெயர் எழுதுவது விமானியின் விருப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய அமெரிக்கப் பணக்காரர் எப்ஸ்டீனின் விமானத்தில் பறந்த பிரபலங்களின் பெயர்களை உங்கள் கட்டுரையில் படித்தேன். அந்தப் பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் எழுதியிருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

2021 டிசம்பரில், அவருக்குத் துணைபோனதாகக் குற்றம் சாட்டப்பட்ட தோழி கிஸ்லேன் மேக்ஸ்வெல் மீது நியூயார்க்கில் நடந்த வழக்கில், எப்ஸ்டீனிடம் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேலை பார்த்த விமானி ஒருவர் சாட்சி சொன்னார். நீதிமன்றத்துக்கு வந்தது அவருடைய சொந்த லாக்புக், அதாவது தான் ஓட்டிய பயணங்களை விமானி குறித்து வைக்கும் பதிவேடு. தேதி, புறப்பட்ட இடம், இறங்கிய இடம், விமானத்தின் எண், பறந்த நேரம் போன்றவற்றைத்தான் அங்கே சட்டம் கேட்கிறது. அதுவும் விமானியின் அனுபவத்தைக் கணக்கிடத்தான். பயணிகளையும் குறித்து வைத்தது அவராக வைத்துக்கொண்ட பழக்கம். தெரிந்தவர் என்றால் பெயரோ முதலெழுத்தோ இருக்கும். தெரியாதவர் என்றால் ‘ஒரு பெண்’, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு வயது 14ஆ, 40ஆ? லாக்புக்கில் பதில் இல்லை. சிறுமியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனதும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு. அப்படியிருக்க, எந்த நாளில் யார் ஏறினார் என்பது ஒருவரின் பழக்கத்தை நம்பியே இருந்திருக்கிறது! இன்னொரு விமானி, காக்பிட் (விமானி அறை) கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும், தவறாக எதையும் பார்க்கவில்லை என்றார். சரி, இருக்கட்டும். ஏறும்போது பெயரையும் வயதையும் கேட்டு எழுதக் கதவு தடையில்லையே.

அதே அமெரிக்காவில் சாதாரணப் பயணி விமான டிக்கெட் எடுக்க முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் எல்லாம் கொடுத்தாக வேண்டும். நாட்டு எல்லை தாண்டும் தனியார் விமானங்களும் 2009 முதல் பயணிகள் பட்டியலைச் சுங்கத் துறைக்கு முன்கூட்டியே அனுப்புகின்றன. ஆனால் சொந்த விமானத்தில் புளோரிடாவிலிருந்து நியூயார்க் போனால் இந்தக் கட்டாயம் கிடையாது. இந்த இரண்டு இடங்களிலும் எப்ஸ்டீனுக்கு வீடுகள் இருந்தன.

பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். உங்கள் கட்டுரை இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மேக்ஸ்வெல்லுக்கு 20 ஆண்டு சிறை கிடைத்ததற்கு முதல் காரணம், நான்கு பெண்கள் துணிந்து சாட்சி சொன்னதுதான். லாக்புக் அவர்களுக்குத் துணை நின்றது.

பணக்காரர்களின் அந்தரங்கம் போய்விடும் என்பார்கள். பட்டியலை ஊருக்குக் காட்டச் சொல்லவில்லை. முழுப்பெயரும் பிறந்த தேதியும் அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் இருக்கட்டும், நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்