சக்குபந்தி

கோவில்பட்டி

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து என்று ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். எனக்கு இடது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. ஒரு மாதமாக நன்றாகப் படிக்க முடிகிறது. படித்தால் எழுதவும் ஆசை வருகிறது, அதுதான் சங்கடம்.

கதை என்னாயிற்று என்று கேட்டிருந்தாய். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. அதில்கூட வருத்தமில்லை. வந்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், அப்போதுதான் மனசு விட்டுப்போயிற்று. முதல் பக்கத்தில் ஆற்றங்கரை, படித்துறை, நிலா. நம் ஊரில் ஆறு ஏது? எப்போதோ படித்த தஞ்சாவூர்க்காரர் யாரோ என் பேனாவில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் அவர் இறங்கிவிட்டார்; முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதிய என் கை புகுந்துவிட்டது. "மேற்படி பெண் மேற்படி வீட்டை விட்டு வெளியேறினாள்." மகள் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

அப்புறம் நம் பக்கத்து இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனை, அதாவது கி.ரா.வை, எடுத்து வைத்துக்கொண்டு கரிசல் பேச்சில் எழுதிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். அவர் அந்தப் பேச்சுக்கு அகராதியே போட்டவர், அந்த அளவுக்குக் காதுகொடுத்துக் கேட்டவர். நான் அதே மண்ணில் பிறந்தும் பாதி ஆயுளை "சர்வ சுதந்திர பாத்தியமாய்", "யாதொரு வில்லங்கமும் இன்றி" என்றே கழித்தவன். வேஷம் பொருந்தவில்லை.

யோசித்துப் பார், கதை எழுதிய கு. அழகிரிசாமியும் அதே இடைசெவல்தான். இரண்டு பேரும் கூடவே வளர்ந்த சிநேகிதர்கள். ஒரே ஊர்ப் புழுதி, ஆனால் அழகிரிசாமி கதையைப் பொதுத்தமிழில்தான் சொல்லிக்கொண்டு போவார். குரலை உயர்த்தமாட்டார். இருந்தும் பெயரை மறைத்துவிட்டுப் படிக்கக் கொடுத்தால் நாலாவது வரியில் ஆளைச் சொல்லிவிடலாம். ஆக, வட்டார வழக்கு இருந்தால்தான் சொந்த நடை என்பதும் இல்லை. இன்னொரு வேடிக்கை, அவரும் கொஞ்ச காலம் பத்திரப்பதிவு ஆபீஸில் எழுத்தராக இருந்தவர். அவர் சுருக்கத் தப்பித்துவிட்டார், நான் ஊறிப்போனேன்.

போன வாரம் ஆச்சி வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை. பழக்கதோஷம், கை தானாக சக்குபந்தி போட்டது, அதுதான் பத்திரத்தில் சொத்துக்கு நாலு பக்க எல்லை எழுதுவோமே:

"கிழக்கே, பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீட்டுச் சுவர். மேற்கே, தாத்தா கடைசியாகப் போன வண்டிப்பாதை. தெற்கே, தூர்ந்த கிணறு. வடக்கே, மாமூல் நடைபாதை. பாத்தியம் யாருக்கென்று இன்னும் தீரவில்லை. இதற்கு உள்பட்ட திண்ணை ஒன்று, முருங்கை ஒன்று, மாவடை மரவடை சகிதம் ஆச்சி."

எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன் மாப்ளே. இதுவரை எழுதியதில் இந்த அஞ்சாறு வரிதான் நான் பேசுகிற மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் எந்தத் தமிழைக் கழுவித் துடைக்கப் பார்த்தேனோ, அதிலிருந்தே வந்திருக்கிறது. பத்திரத்தில் "அழகிய தோப்பு" என்று எழுத முடியுமா? எத்தனை தென்னை என்றுதான் எழுத வேண்டும். கிணறு இருந்தால் கிணறு, பங்குக் கிணறு என்றால் எத்தனையில் ஒரு பங்கு. அந்தக் கணக்கு எனக்கு வரும். நிலா எனக்கு வராது.

ஆனால் இதையே எட்டுப் பக்கம் செய்தால் வித்தை காட்டுகிற மாதிரி ஆகிவிடும். அடுத்த பத்தியில் ஆச்சியைப் பேசவிட்டேன், அவள் பத்திரத் தமிழில் வாயைத் திறக்க மறுக்கிறாள். அங்கேயே நிற்கிறது.

ஒரு உதவி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உனக்கு எழுதிய கடிதங்களைத் தகரப்பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னாயே, அவற்றை செராக்ஸ் எடுத்து அனுப்பு. "மேற்படி" கையில் ஒட்டுவதற்கு முன்னால் எப்படி எழுதினேன் என்று பார்க்க வேண்டும். உன் தங்கச்சியைப் பெண் பார்க்கப் போய்வந்த கதையும் அதில் இருக்கும். அவள் நகையைக் குறை சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தக் கடிதத்தை மட்டும் நேரில் வரும்போது கொண்டுவா. இங்கே தபாலைப் பிரிப்பது அவள்தான்.