ஆளில்லாத அருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாப் படப் புத்தகங்களைப் பரிசளிக்கும் வழக்கத்தைப் பாராட்டித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணி ஓய்வின்போது எனக்கும் அப்படியொன்று கிடைத்தது. வழவழப்பான தாளில் குற்றாலம் பேரருவி இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. ஆனால் அதில் ஓர் ஆள்கூட இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுபவர், துண்டோடு வரிசையில் நிற்கும் கூட்டம், நேந்திரங்காய்ச் சிப்ஸ் வறுக்கும் அடுப்பு எதுவுமில்லாத அந்த அருவியைச் செங்கோட்டையில் பிறந்த நான் சீசன் நாளில் கண்டதேயில்லை. வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதித்தால்தான் அருவிக்கரை அப்படி வெறிச்சோடும். படமும் அன்றைக்கு எடுத்ததாகவே இருக்க வேண்டும். பக்கத்தைப் புரட்டினால் கேரளத்துப் படகுவீடு வந்துவிடுகிறது. இடைவழியிலுள்ள புளியரை வயலும், ஆரியங்காவும், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் ரயில் பாலமும் போன இடம் தெரியவில்லை.

இது புதிய பழக்கமன்று. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து பாபநாசம், குற்றாலம் அருவிகளை வரைந்து சென்றனர். வில்லியமின் இந்திய ஓவியங்களைக் கொண்டு 1834 முதல் ‘ஓரியண்டல் ஆனுவல்’ என்ற ஆண்டுப் பரிசு நூல் லண்டனில் வெளிவந்தது. படத்தைச் செதுக்கி அச்சிடும் செப்புத் தகடு விரைவில் தேய்ந்துவிடும், எஃகுத் தகடோ ஆயிரக்கணக்கான பிரதிகளுக்குத் தாங்கும் என்பதால், நாற்பதாண்டுக்கு முன் பார்த்த இந்தியா அங்குள்ள வரவேற்பறைகளில் புதிதுபோலப் பரவியது. அதே காலத்தில் லெட்டீஷியா லாண்டன் என்ற கவிஞர், பதிப்பாளர் அனுப்பும் படங்களுக்கேற்பப் பாட்டெழுதிக் கொடுத்தார். அவற்றில் இந்தியக் காட்சிகளும் உண்டு, ஆனால் அவர் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. படத்துக்கு எழுதுகிறோம் என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் வளரும் என் பேத்தி அந்தப் புத்தகத்தைப் பலமுறை பார்த்துவிட்டுப் போன ஆடியில் இங்கே வந்தாள். ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் அழைத்துப் போனேன். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, “தாத்தா, நிஜக் குற்றாலத்துக்கு எப்போ போவோம்?” என்று கேட்டாள்.

பரிசு நூல் வெளியிடுவோர், படம் எந்த மாதம், எந்த நேரத்தில், எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையாவது அடியில் ஒரு வரி அச்சிட வேண்டும். தடை நாளில் எடுத்த படமென்றால் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
செங்கோட்டை