வாஷிங்டனில் உதவியாளராக இருந்த ஜப்பான் பிரதமருக்கு

மதிப்பிற்குரிய பிரதமர் சனே தகாய்ச்சி அவர்களுக்கு,

வணக்கம்.

2025 அக்டோபர் 21 அன்று ஜப்பானின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றீர்கள். அடுத்த வாரமே அமெரிக்க அதிபர் ட்ரம்ப் டோக்கியோ வந்தார். அகாசாகா அரண்மனையில் வரவேற்பு, ஷின்சோ அபே பயன்படுத்திய கோல்ஃப் மட்டை பரிசு, யோகோசுகாவில் போர்க்கப்பலில் இருவரும் சேர்ந்து நின்ற காட்சி என்று செய்தி முழுவதும் படங்களாகவே இருந்தது. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் பட்டது உங்கள் வாழ்க்கைக் குறிப்பில் உள்ள ஒரு வரி. 1987-இல் நீங்கள் வாஷிங்டன் சென்று, கொலராடோவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பாட் ஷ்ரோடரின் அலுவலகத்தில் பணியாற்றினீர்கள்.

எப்படிப்பட்ட ஆண்டு அது! தோஷிபாவின் துணை நிறுவனம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன்பு சோவியத் யூனியனுக்கு இயந்திரங்களை விற்றிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அவை நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையைக் குறைக்க உதவின என்று குற்றச்சாட்டு எழுந்தது. அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்திலேயே சில உறுப்பினர்கள் சம்மட்டியால் தோஷிபா ரேடியோவை அடித்து நொறுக்கினார்கள். உங்கள் ஷ்ரோடரும் ஜப்பானுக்குச் சலுகை காட்டியவர் அல்லர். நேச நாடுகள் பாதுகாப்புச் செலவில் தங்கள் பங்கைச் சுமக்கின்றனவா என்று ஆராய்ந்த குழுவுக்கு 1988-இல் தலைமை வகித்தவர் அவர்தான். அப்படி ஒருவரின் அலுவலகத்தில் இருபதுகளில் இருந்த ஜப்பானியப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. உங்கள் அரசியல் நிலைப்பாடுகள் பலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கோபமாக இருக்கும் அமெரிக்காவை அதன் உள்ளே இருந்து பார்த்த ஜப்பானியத் தலைவர்கள் அதிகம் இல்லை.

இந்த உறவு ஒருமுறை முறியும் நிலைக்கே போனது. 1960-இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அன்றைய பிரதமர் நோபுசுகே கிஷி முனைந்தபோது டோக்கியோ தெருக்கள் கொந்தளித்தன. அதிபர் ஐசன்ஹோவரின் பத்திரிகைச் செயலாளர் ஹேகர்ட்டி ஹனேடா விமான நிலையத்திலிருந்து வெளியே வர முடியாமல் கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டது. ஹெலிகாப்டர் வந்துதான் அவரை மீட்டது. ஒரு மாணவி உயிரிழந்தார். ஐசன்ஹோவரின் பயணம் ரத்தானது. அப்போது ஹார்வர்டு பேராசிரியர் எட்வின் ரைஷவர், அமெரிக்கத் தூதரகம் ஆளும் கட்சியோடு மட்டுமே பேசுகிறது, எதிர்க்கட்சிகளோடும் அறிவாளிகளோடும் மாணவர்களோடும் பேச்சே இல்லை என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். டோக்கியோவிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். குறை சொன்னவரையே கென்னடி 1961-இல் தூதராக அனுப்பினார். அதே ஆண்டு கென்னடியும் பிரதமர் ஹயாடோ இகெடாவும் சந்தித்ததன் பலனாக, இரு நாட்டு அமைச்சர்களும் ஆண்டுதோறும் கூடிப் பேசும் குழு அமைந்தது. நவம்பரில் ஹகோனேயில் அதன் முதல் கூட்டம் நடந்தது.

அடுத்து ஷிமோடா. முதல் அமெரிக்கத் தூதரக அதிகாரி டவுன்செண்ட் ஹாரிஸ் 1856-இல் ஒரு புத்த விகாரையில் கொடியேற்றிய சிறு துறைமுகம். அங்கே 1967-இல் தடாஷி யமமோடோ என்ற இளைஞரின் முயற்சியில் இரு நாட்டு அரசியல்வாதிகளும் அறிஞர்களும் கூடினார்கள். அமெரிக்க செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் வந்திருந்தார். உலகப் போருக்குப் பின் ஒகினாவா தீவுகள் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தன; அரசாங்கங்கள் தயங்கித் தயங்கித் தொட்ட அந்தப் பிரச்சினை அங்கே வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது. 1972-இல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியதற்கு அந்த மாநாடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வியட்நாம் போர் இருந்தது, ஒகினாவா மக்களின் நெடிய போராட்டம் இருந்தது. ஆனால் வாஷிங்டனில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களின் காதில் அந்தப் பேச்சு முன்பே விழுந்திருந்தது. மேன்ஸ்ஃபீல்ட் 1977 முதல் 1988 வரை டோக்கியோவில் தூதராக இருந்தார். நீங்கள் வாஷிங்டன் சென்ற ஆண்டிலும் தூதர் அவர்தான்.

உச்சியில் இருவர் கைகுலுக்குவது மட்டும் போதாது என்பதற்கு உங்கள் நாட்டுக்கே கசப்பான அனுபவம் உண்டு. 1969-இல் அதிபர் நிக்சனும் பிரதமர் எய்சாகு சாட்டோவும் ஒகினாவா பற்றி உடன்பாடு கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், தான் சீனா செல்லவிருப்பதாக நிக்சன் அறிவித்தார். சாட்டோவுக்கு அந்தச் செய்தி வந்தது அறிவிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான்.

நிப்பான் ஸ்டீல் விவகாரத்தையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்க எஃகு நிறுவனமான யு.எஸ். ஸ்டீலை வாங்க அந்த ஜப்பானிய நிறுவனம் முன்வந்ததும், 2024 தேர்தல் ஆண்டில் இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களுமே எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் பைடன் தடுத்தார்; ஜூனில் புதிய நிபந்தனைகளோடு ஒப்பந்தம் நிறைவேறியது. நேச நாட்டு நிறுவனத்தைத் தேசியப் பாதுகாப்பின் பெயரால் தடுத்தது எனக்கு அநியாயமாகவே பட்டது. ஆனால் பென்சில்வேனியாவின் எஃகு ஊர்களில் சில மேயர்கள் இந்த ஒப்பந்தத்துக்காக வெளிப்படையாகப் பேசினார்கள். நிறுவன அதிகாரிகள் நேரில் சென்று ஊர் மக்களோடு பேசியதன் பலன் அது. வெள்ளை மாளிகையில் கிடைக்காத காது அங்கே கிடைத்தது.

இறக்குமதி வரிப் பேச்சுவார்த்தைக்காக உங்கள் அமைச்சர் அகசாவா எத்தனை முறை வாஷிங்டன் பறந்தார்! 15 விழுக்காடு வரி, 550 பில்லியன் டாலர் முதலீடு என்று 2025 ஜூலையில் முடிந்தது. இவ்வளவு பெரிய தொகை எங்கே, யாருக்காகச் செலவாகும் என்று இரு நாட்டு மக்கள் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டாமா? 1990களின் இறுதியில் அமெரிக்காவில் 47,000 ஜப்பானிய மாணவர்கள் இருந்தார்கள். இப்போது ஏறத்தாழ 14,000 பேர்தான். இருபது ஆண்டுகள் கழித்து வாஷிங்டனில் யாரைத் தெரியும் என்று கேட்டால் உங்கள் இளம் உறுப்பினர்கள் என்ன சொல்வார்கள்?

என் கோரிக்கை இதுதான். மே மாத விடுமுறையில் உறுப்பினர்கள் வாஷிங்டனுக்குப் போய்ப் படம் எடுத்துத் திரும்புவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கட்சியின் இளம் உறுப்பினர்களோடு எதிர்க்கட்சியினரையும், குறிப்பாகப் படைத்தளங்களை எதிர்க்கும் ஒகினாவா பிரதிநிதிகளையும் அனுப்புங்கள். அவர்கள் ஒஹாயோவிலும் பென்சில்வேனியாவிலும் சில வாரங்கள் தங்கட்டும். அமெரிக்க உறுப்பினர்களின் உதவியாளர்களை ஜப்பானுக்கு அழைத்து, டோக்கியோவில் மட்டும் வைத்திருக்காமல், ஒகினாவாவில் படைத்தளப் பிரச்சினை உள்ள நாகோ நகருக்கும் அனுப்புங்கள். ட்ரம்ப்பை அடுத்த முறை சந்திக்கும்போது, ஷ்ரோடர் அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைத்ததைப் போன்ற இடங்களை ஆண்டுதோறும் இரு நாடாளுமன்றங்களும் ஒதுக்க வேண்டும் என்பதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தமிழ் வாசகர்களுக்காக எழுதும் ஒருவர்