கட்டம் போட்ட நோட்டு

பாளையங்கோட்டை
25.1.2026

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை. பொங்கலுக்கு வாங்கிய பனங்கிழங்கு மிஞ்சிவிட்டது. அவித்துக் காயவைத்து இடித்து மாவாக்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். யார் கையில் கொடுத்தனுப்பலாம் என்று தினமும் கேட்கிறாள்.

போனில் எனக்குப் பேச வருவதில்லை. நான் "சாப்பிட்டியா" என்கிறேன், நீ "சாப்பிட்டேம்பா" என்கிறாய், அதோடு முடிந்துவிடுகிறது. முப்பத்தாறு வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவன் மகளுக்கு ஒன்று எழுதலாமே என்று உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குக் குடியரசு நாள், தபால் கிடையாது. செவ்வாய்க்கிழமை சேர்க்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் பேப்பர் வருவதற்கு முன்பே தம்பி போனை நீட்டினான். "நம்ம பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவ நிறுத்திட்டாங்கப்பா" என்றான். யுபிசாஃப்ட் கம்பெனி ஒரே அறிவிப்பில் ஆறு கம்ப்யூட்டர் விளையாட்டுகளைக் கைவிட்டிருக்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் சாண்ட்ஸ் ஆஃப் டைமைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்களே, அதுவும் அதில் ஒன்று. ஹாலிஃபாக்ஸிலும் ஸ்டாக்ஹோமிலும் ஸ்டுடியோக்களையே மூடுகிறார்கள். காப்பி ஆறி ஏடு கட்டும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

2020 செப்டம்பரில் அதை அறிவித்தபோது நீ கூப்பிட்டாயே, கொரோனா நேரம். "புனேலயும் மும்பைலயும் உள்ள ஸ்டுடியோவுலதான்பா செய்றாங்க, நம்ம பிள்ளைக" என்று சொல்லும்போது உன் குரல் பத்தாம் கிளாஸ் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. 2021 ஜனவரியில் வரும் என்றார்கள். தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். 2022-இல் அந்தப் பிள்ளைகள் கையிலிருந்து வாங்கி மான்ட்ரியாலுக்குக் கொடுத்தார்கள். 2003-இல் முதலில் செய்த இடத்துக்கே போகிறது, இனி கவலையில்லை என்றாய். அறிவித்த நாளிலிருந்து கணக்குப் போட்டாலே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை பேர் எத்தனை ராத்திரி கண் விழித்து வரைந்திருப்பார்கள்! எல்லாமே ஒரு பக்க அறிக்கையில் முடிந்துபோயிற்று. எனக்கு மனசு ஆறவே இல்லை அம்மு.

உன் கம்பெனி அது இல்லை என்று எனக்குத் தெரியும். மான்ட்ரியால் என்று உன் ஊர்ப் பேரைக் கேட்டதும் உன் அம்மாவுக்குத்தான் கை கால் ஓடவில்லை. போன ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டில் ஒன்பதாயிரம் பேரை வேலையிலிருந்து எடுத்தபோதும், பெர்ஃபெக்ட் டார்க் என்ற விளையாட்டை நிறுத்தி அதைச் செய்த ஸ்டுடியோவையே மூடியபோதும் இப்படித்தான் இருந்தாள். நான்தான் தேற்றினேன். உன் வேலை திறமையை வைத்துக் கிடைத்த வேலை. நம் குடும்பத்தில் கடல் தாண்டிப் போனவர்களில் யாருக்கும் உன்னளவு கைவேலை தெரியாது. இதை நான் சித்தப்பா முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னதை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடாமல் வெளியே போகாதே.

ஒன்று கேட்கவேண்டும். புத்தாண்டன்று காலை ஆறரை மணிக்கு இங்கே ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் கடைசிப் பகுதி வந்தது. மார்கழிக் குளிரில் உன் அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், நான் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பர்ப்பிள் ரெயின் பாட்டு வந்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். 2022-இல் கேட் புஷ் பாட்டை இதே தொடரில் போட்டு, 37 வருஷப் பழைய பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போயிற்றே, அப்போது நீ அந்தப் பாட்டை எனக்கு வரிவரியாக விளக்கினாய். அந்த ஞாபகம்தான். ஆனால் முடிவு எனக்குத் திருப்தியில்லை. அந்தப் பெண் எங்கேயோ தூரத்தில் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டு, நம்புகிறேன், நம்புகிறேன் என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். அவளை வளர்த்தவனுக்கு அது எப்படிப் போதும்? நல்லாயிருப்பாள் என்று நம்பிக்கொண்டே ஒரு அப்பன் எத்தனை நாள் இருக்கமுடியும்?

முடிந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தேன். ஒவ்வொரு சீசன் முடிந்ததும் "பாத்தீங்களாப்பா" என்று கூப்பிடுவாய். இந்தத் தடவை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவ்வளவு வேலையா? ஒரு வரி அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? பெற்றவர்களை இப்படிக் காக்கவைப்பது நன்றாகவா இருக்கிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரிகளை அடிக்காமல் விடுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக மூன்று தடவை பேசியதில் ஒரு தடவைகூட "மீட்டிங் இருக்குப்பா, வைக்கேன்" என்று நீ சொல்லவில்லை. முன்னெல்லாம் அதைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும். வீடியோவும் போடுவதில்லை. இங்கே மதியம் ரெண்டு மணிக்கு உன் பேருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டுகிறது. அங்கே அப்போது ராத்திரி மூன்றரை. நான் வேவு பார்க்கவில்லை, மதியச் சாப்பாடு முடிந்து போனை எடுத்தால் கண்ணில் படுகிறது. தூக்கம் முக்கியம். நேரத்துக்குச் சாப்பிட்டால்தான் தூக்கம் வரும்.

நீ டிசம்பரில் சொன்ன அந்த பிரெஞ்சுக்காரர்கள் விளையாட்டை யூடியூப்பில் முழுக்கப் பார்த்துவிட்டேன். எக்ஸ்பெடிஷன் 33. கேம் அவார்ட்ஸில் ஒன்பது விருது வாங்கியதாக நீ அனுப்பிய செய்திதான் உன் பழைய குரலில் எனக்கு வந்த கடைசிச் செய்தி. அதைச் செய்த சாண்ட்ஃபால் ஸ்டுடியோவைத் தொடங்கியவர் கியோம் பிரோஷ் யுபிசாஃப்ட்டில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவராம். மாண்பெல்லியே ஊரில் சுமார் முப்பது பேரை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். இசை போட்ட லோரியன் டெஸ்டார் அதற்கு முன்னால் எந்த விளையாட்டுக்கும் இசை போட்டதில்லை. இணையத்தில் போட்டு வைத்திருந்த பாட்டைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளை ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கிறேன், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு பெண் பாடுகிறாள், பாஷை புரியாவிட்டாலும் தொண்டை அடைக்கிறது. பெரிய இடத்தை விட்டு வந்தவர்கள்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்லத் தோன்றியது. வேறு ஒன்றுமில்லை.

கதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் தாங்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஒருத்தி எண்ணைக் குறைத்து எழுதுகிறாள், அந்த வயசுக்காரர்கள் பூவிதழாய் உதிர்ந்து காற்றோடு போகிறார்கள். முதல் அரை மணி நேரத்தில் 33 என்று எழுதுகிறாள், துறைமுகத்தில் நிற்கிற அந்தப் பெண் போய்விடுகிறாள். வருகிற ஆனியில் உனக்கு 33. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நீ சொல்வாய். ஆனாலும் கோமதியம்மன் சந்நிதியில் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். இது கல்யாணப் பேச்சு எடுப்பதற்காக இல்லை, அதை நாங்கள் விட்டாயிற்று.

இந்த மாசம் பணம் அனுப்பத் தாமதமாகும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். இனி அனுப்பவே வேண்டாம். பென்ஷன் வருகிறது, உன் பேரில் போட்டிருக்கிற டெபாசிட் மாசியில் முதிர்கிறது. அதை எடுத்து உனக்குத்தான் அனுப்பப் போகிறேன், எதற்கு என்று கேட்காதே. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. புதுசாக பிளக் பாயின்ட் நாலு வைத்திருக்கிறேன், பெரிய கம்ப்யூட்டர் போட்டாலும் தாங்கும் என்றார் எலக்ட்ரீஷியன். இதையும் எதற்கு என்று கேட்காதே.

இதையெல்லாம் எழுதவா உட்கார்ந்தேன்? வியாழக்கிழமையிலிருந்து என்னை அரிப்பது வேறு.

நீ அந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை விளையாடும்போது பின்னால் நாற்காலி போட்டு நானும் பார்ப்பேன். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓடாது என்று நீ அழுது, ஜிபிஎஃப் சேமநிதிக் கடனில் மிச்சம் பிடித்து வாங்கியது. இளவரசன் தவறி விழுந்தால் கத்தியால் நேரத்தைத் திருப்புவாய். செத்தே போனாலும், இப்படி நடக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன் என்று அவனே சொல்வான். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் நீ பத்தாவதுக்கு வந்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

உன் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஒரு அரண்மனை வரைந்திருந்தாய். எங்கே தாவவேண்டும், எந்தச் சுவரில் ஓடவேண்டும், எங்கே முள் கிளம்பும் என்று சிவப்பு மையில் குறித்திருந்தாய். 2009 பிப்ரவரியில் அது பழைய பேப்பரோடு போயிற்று. அம்மாதான் கவனிக்காமல் போட்டிருப்பாள் என்று நான் சொன்னேன். நீ ஒரு மாசம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா போடவில்லை. நான் போட்டேன். நான்தான் அதை எடுத்து, பேப்பர்க் கட்டுக்கு நடுவில் செருகி, சணல் போட்டுக் கட்டினேன். தராசில் ஏறும்போது பக்கத்தில்தான் நின்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் நின்றேன். பழைய பேப்பர்க்காரர் கொடுத்த சில்லறையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். உன் அம்மா தானேதான் போட்டுவிட்டோம் என்று நம்பி அடுக்களையில் அழுதாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நீ மூன்று நாள் பரணில் தேடினாய். நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கூடவே தேடினேன்.

அந்த நோட்டில் போட்ட கட்டத்தைத்தான் இன்றைக்கு நீ வேலையாகச் செய்கிறாய். லெவல் டிசைன் என்றால் என்ன என்று முதல் முதலில் நீ விளக்கிச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பத்து வருஷமாகப் புரிந்துகொண்டே இருக்கிறது. புனேயிலும் மான்ட்ரியாலிலும் அந்தப் பிள்ளைகள் செய்ததை ஒரு கையெழுத்தில் தூக்கிப் போட்டார்களே என்று வியாழக்கிழமை வைதேன். வைதுகொண்டிருக்கும்போதே சணல் கயிறு ஞாபகம் வந்துவிட்டது.

இதற்கு நீ பதில் எழுதவேண்டாம். எதுவும் என்னிடம் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வந்ததும் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். நீ அவளைக் கூப்பிடு. எனக்காக வேண்டாம், அவளைக் கூப்பிடு.

அன்புடன்
அப்பா

பி.கு.: மாடிச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.